ஏழாவது நரம்பும் நான் எடுத்த கதலியும்

தொண்ணூறுகளில் எங்கள் டவுன் வாழைத்தார் மண்டியில் ஏலம் போடுபவர் மட்டும்தான் வாய் திறப்பார். வாங்குகிற நாங்கள் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினால், விலையை ஏற்றிக் கேட்கிறோம் என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் சிமிட்ட வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்று, தார் சுமந்து பிழைத்த நான், சொந்த லாரியில் கேரளத்துக்கு நேந்திரங்காய் அனுப்பும் அளவுக்கு வந்தது அந்தக் கண்ணால்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, ஆழ்வார்திருநகரிப் பக்கமிருந்து கதலி வந்திருந்தது. பழுக்கிற பதம், எனக்கு வேண்டாத சரக்கு. சும்மாதான் நின்றேன். ஏலக்காரர் குவியல் குவியலாக என் பேருக்கே முடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, பூராத்தையும் நீங்களே எடுக்கியளா?" என்று அவரே கேட்டார்.

"நான் எங்க வே கேட்டேன்?"

"மூச்சுக்கு மூச்சு கண்ணடிச்சிட்டு, கேக்கலைங்கியளே!"

குழம்பிப்போய் டீ குடிக்கப் போனேன். டீ வலது வாயோரம் வழிந்து சட்டையில் இறங்கியது. கடைக் கண்ணாடியில் பார்த்தால் வலது முகம் தொங்கிக் கிடக்கிறது. வலது கண் மூடவே இல்லை. இடது கண் மட்டும் தன் பாட்டுக்குச் சிமிட்டியதைத்தான் ஏலக்காரர் விலைக் கேள்வி என்று எடுத்திருக்கிறார்.

எனக்குப் போட்டியாகக் காய் எடுக்கும் வியாபாரி அதற்குள் மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சிக்கு வாதம் அடிச்சிட்டு. இனி கேரளா லோடு நமக்குத்தான்."

சாவுக்குப் பயந்தவனில்லை நான். ஆனால் கைகால் விழுந்து மண்டியில் நிற்க முடியாதவனுக்கு எவன் லோடு சொல்வான்? அந்தப் பயத்தோடுதான் பாளையங்கோட்டை டாக்டரிடம் போனேன். வீட்டுக்காரி அழுதுகொண்டே கூட வந்தாள்.

டாக்டர் காப்பித் தூளை முகரச் சொன்னார். விரலைக் கண்ணால் தொடரச் சொன்னார். தோளைத் தூக்கு, நாக்கை நீட்டு என்றார். கடைசியில் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். இடது பக்கம் மட்டும் சுருங்கியது. அவர் சிரித்தார்.

"பாதி நெத்தி செத்துக் கெடக்கு, சிரிக்கியளே?"

"அதுதான் நல்லது அண்ணாச்சி. மூளையில அடைப்புன்னா வாய் கோணும், நெத்தி பெரும்பாலும் சுருங்கும். உங்களுக்கு நெத்தியும் நின்னுட்டு. கைகால்லயும் பலம் இருக்கு. இது நரம்புதான்."

மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்பு வருகிறதாம். முதலாவது மணத்துக்கு, இரண்டாவது பார்வைக்கு. கண்ணை உருட்ட மூன்று. மெல்ல, கேட்க, விழுங்க, தோளைத் தூக்க, நாக்கை அசைக்க என்று ஆளுக்கொரு வேலை. பத்தாவது நெஞ்சையும் வயிற்றையும்கூடப் பார்த்துக்கொள்ளுமாம். முகத்தை அசைப்பது ஏழாவது. எனக்கு வலது பக்கத்து ஏழாவது மட்டும் வீங்கியிருந்தது. மற்ற பதினொன்றும் கச்சிதம் என்று டாக்டரே சொன்னார்.

மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்து, குணமாகச் சில வாரம் ஆகும் என்றார்.

கதலியை அன்றைக்கே திருச்செந்தூருக்கு ஏற்றிவிட்டேன். சஷ்டிக் கூட்டத்தில் ஒரு சீப்பு மிஞ்சவில்லை.

மறுநாள் வலது கண்ணில் கட்டோடு மண்டிக்குள் நுழைந்தேன். போட்டிக்காரர் வாயைப் பிளந்தார்.

"என்ன வே, எந்திரிச்சு வந்துட்டீரு?"

அங்கே இருந்ததிலேயே பெரிய நேந்திரன் தாரைத் தோளில் தூக்கி வைத்தேன். "வாதக்காரன் இதைத் தூக்குவானா வே?"

ஏலக்காரருக்கு வேறு கவலை. "அண்ணாச்சி, உங்க கேள்வியை நான் எப்படி எடுக்க?"

"கையைத் தூக்குதேன். ஊரே பாக்கட்டும்."

என் கேள்வி ஒவ்வொன்றும் போட்டிக்காரருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? ஒவ்வொரு குவியலுக்கும் அவர் நிறுத்திய பிறகு என் கை இன்னொரு தடவை மேலே போனது. அன்றைய நேந்திரன் முழுவதும் என் லாரியில்தான் ஏறியது.