தெருப் பெயரில் பதினொரு சாவிகள்

சாவி போடுகிறவருக்குச் சந்தேகம் உடன்பிறந்தது. கடைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் படியிறங்குவார். இருபத்தாறு வருடத் தொழிலில், எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவரைத் தேடி ஆட்கள் வந்ததே அதற்காகத்தான்.

கடையின் பெயரில் இணையத்தில் பக்கம் தொடங்கியது அவர் மனைவி. வெட்டி முடித்த சாவியைப் பச்சை விரிப்பில் வைத்துப் படம் எடுப்பாள். அடியில் ஹேஷ்டேக் போடுவாள். வேலித் துண்டு மாதிரி அது என்ன குறி என்று கேட்டார். அதோடு தெருப் பெயரைச் சேர்த்துவிட்டால், அந்தப் பெயரைத் தட்டுகிறவர்களுக்கெல்லாம் நம் படம் வரும் என்றாள்.

"கண்டவனும் பாப்பானா?"

"கண்டவன் பாத்தாத்தாங்க வியாபாரம். உங்களுக்குப் பக்கத்துல யாராவது தும்மினாலும் சந்தேகம்."

ஆள் வரத்து கூடியதால் அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டை கசங்காத ஒருவன் வந்தான். வீட்டுச் சாவி தொலைந்துவிட்டதாம், படம்தான் இருக்கிறதாம். செல்போனை நீட்டினான்.

"இந்தப் பல்லைப் பாத்து ஒண்ணு வெட்டிடுவீங்கல்ல?"

படத்தில் சாவிக்கு அடியில் பச்சை விரிப்பு. ஓரத்தில் அவருடைய அரத்தின் பிடி.

எந்த வீடு என்று கேட்டார். முனை வீடு என்றான். எந்த முனை என்பதைச் சொல்லவில்லை. பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்தால் வெட்டித் தருவதாகச் சொன்னார். போனவன் திரும்பவில்லை.

மனைவியின் போனை வாங்கித் தெருப் பெயரைத் தட்டினார். பதினொரு சாவிகள், பல் தெரிய, வரிசையாக. ஒன்றின் கீழே 'டீச்சரம்மா வீட்டுக்கு' என்று எழுதி இதயப் படம் வேறு. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிடுவதாகச் சொன்னாள்.

"நீ அழிச்சா, அவன் எடுத்து வச்சது அழியுமா?"

அன்று மாலையே கருவிப் பையோடு கிளம்பினார். முதலில் டீச்சரம்மா வீடு. கதவுச் சங்கிலி எட்டுகிற அளவுக்கே திறந்தார் டீச்சரம்மா.

"நான் கூப்பிடலையே. நீங்களா வந்து பூட்டை மாத்தணும்ங்கறீங்க, காசும் வேண்டாம்ங்கறீங்க. என்ன விஷயம்?"

இவர் ஒன்று விடாமல் சொன்னார். மனைவி பெயரை இழுக்கவில்லை. தப்பு கடையுடையது என்றார். டீச்சரம்மா அவருடைய பையை ஒருமுறை பார்த்தார்.

"மாத்தத்தான் வேணும். ஆனா நீங்க வேண்டாம். வேற ஆளை வச்சுப் பாத்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அந்த இடத்தில் நாம் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. பையைத் தோள் மாற்றிக்கொண்டு, அடுத்த வீட்டு மணியை அழுத்தினார்.