இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

அம்மனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அவள் செய்த உதவியைச் சொல்லாமல் மறைத்தால் அது இன்னும் பெரிய தப்பு.

நான் கள்ளக்குறிச்சியில் பள்ளி ஆசிரியர். போன தை மாதம் என் மகள் பெங்களூரிலிருந்து மூக்கில் கட்டோடு வந்து இறங்கினாள். வேலை பார்க்கும் ஊரில், எங்களிடம் சொல்லாமலேயே, மூக்கை அழகாக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தாள். கட்டைப் பிரித்தால் நுனி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு துவாரத்தில் மூச்சு சரியாக வரவில்லை. வாயைத் திறந்தபடிதான் தூங்குவாள்.

எனக்கோ அவள் மூச்சைவிட ஊர் என்ன பேசும் என்பதுதான் பெரிதாக இருந்தது. வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். எலவனாசூர்கோட்டையில் மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்கு அவளை அழைத்துப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

“எத்தினி நாளைக்கு வூட்டுலயே பூட்டி வெப்பீங்க? அவ இன்னா திருடிகினா வந்தா?” என்றாள் மனைவி.

உடனே மறுபடி அறுவை சிகிச்சை செய்து சரியாக்கிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். “இப்ப வேணாம்ப்பா, புண்ணே ஆறல” என்று மகள் அழுதாள்.

கடைசியில் பூக்கட்டிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் எந்த முடிவுக்கும் அதுதான் வழக்கம். வெள்ளரளியையும் செவ்வரளியையும் ஒரே மாதிரி இலைகளில் தனித்தனியாக மடித்து, சாமி முன் போட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் பிரிப்போம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

யாருக்கும் சொல்லாமல் பூஜை அறையில் பார்த்தேன். சிவப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தேன். மறுபடியும் சிவப்பு.

பிறகு நான் செய்ததை எப்படிச் சொல்வேன்? கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வம் பச்சையம்மன் கோயிலுக்கு மனைவி, மகள் இருவரையும் அழைத்துப் போனேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளியையே மடித்து எடுத்துப் போனேன். அம்மனே சொல்லிவிட்டால் மகள் மறுக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

பூசாரி மகளையே எடுக்கச் சொன்னார். எடுத்தாள். வெள்ளை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மா உத்தரவு குடுத்துட்டா” என்றேன் அவசரமாக.

“இருங்க வாத்தியாரே. நம்ம கோயில்ல ரெண்டையும் பிரிச்சிக் காட்டணும்.” மற்றதையும் பிரித்தார். அதுவும் வெள்ளை. “இன்னா வாத்தியாரே, ஆத்தாளுக்கே பிட்டு எழுதி எடுத்துகினு வந்தீங்களா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சந்நிதியிலேயே விழுந்தேன். வீட்டில் இரண்டு முறையும் சிவப்பு வந்ததை அழுதபடி சொன்னேன். “தாயே, என் பிள்ளைக்கு மூச்சைக் கொடு.” அதுவரை அதை மட்டும் நான் வேண்டியதே இல்லை.

மகள் என்னைத் தூக்கிவிடவில்லை. “ரெண்டு தபாவும் செவப்பா வந்துச்சி? நான் தெனம் வேண்டிகினதும் அதாம்ப்பா” என்றாள்.

அவள் விரும்பியபடி புதுச்சேரியில் வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். உள்ளே வீக்கம் வடியவில்லை, இப்போது கத்தி வைத்தால் இன்னும் கெடும், முதல் அறுவை சிகிச்சையிலிருந்து ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும் என்றார். நான் உட்கார்ந்த இடத்திலேயே பச்சையம்மனைக் கும்பிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம். கூடத்தில் மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்தத் தையில், வேண்டுமானால் இனி நுனியைச் சரிசெய்யலாம் என்றார் மருத்துவர். நான் மகள் பக்கம் திரும்பினேன். “மூச்சு வருது சார், போதும்” என்றாள் மகள். நுனி இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. விசேஷங்களுக்கு அவளையும் அழைத்துப் போகிறோம். யாராவது உற்றுப் பார்த்தால் எனக்குக் கூசுகிறது. கோயிலில் நான் செய்தது நினைவுக்கு வருகிறது.

எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவர்கள் அம்மனிடம் கேளுங்கள். பதில் வரும். உங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பிள்ளை வேண்டிக்கொண்டதாக இருக்கலாம்.