இன்றைக்கு மட்டும் அத்தை

என் நாத்தனாருக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். பட்டப்பெயரே பம்பரம்தான். அவள் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்து நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, வெந்நீர் மெஷினில் போட்டு எடுத்து, உலர்த்தி, மடித்து, வார்டு வாரியாக வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். வேலை முடிந்தாலும் கை நிற்காது. என் வீட்டுக்கு வந்தால், நான் மடித்து வைத்த துணியை உதறித் திரும்ப மடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. குழந்தைகள் வார்டை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு. அவளுடைய சின்ன மகளுக்கு இழுப்பு. மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு ஓட அந்த வார்டை விட்டால் வேறு கதி கிடையாது. அதை மூடக்கூடாது என்று தாய்மார்கள் சேர்ந்து ஊர்வலம் போவதாகவும், பிள்ளைகளையும் கூட்டி வருவதாகவும் முடிவானது. சலவைக்கூடத்து சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்: ஊழியர்கள் யாராவது ஊர்வலத்தில் கண்ணில் பட்டால், மறுநாள் வேலைக்கு வரவேண்டாம்.

"நீ வராத. பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அதெப்படி அண்ணி? எம் பொண்ணு மூச்சுக்காக ஊரே நடக்கும், நான் வீட்டுல உக்காந்திருக்கவா?"

"அப்ப பிள்ளைங்களை விட்டுட்டு வா. இந்த வெயில் சின்னதுக்குத் தாங்குமா?"

"பிள்ளைங்களே இல்லாம போனா, யாருக்குய்யா வார்டுன்னு கேக்க மாட்டாங்களா?"

கிளம்புகிற அன்று காலையில்தான் தன் திட்டத்தைச் சொன்னாள். இரண்டு பெண்களையும் முன்னால் நிறுத்தி, "இன்னைக்கு மட்டும் அத்தைதான் உங்களுக்கு அம்மா. என்னை யாரும் அம்மான்னு கூப்பிடக் கூடாது. நான் அத்தை. கூப்பிட்டா அம்மாவுக்கு வேலை போயிடும். புரியுதா?" என்றாள்.

முறைப்படி பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. நான் அம்மா என்றால் என் நாத்தனார் அத்தைதானே. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "அம்மா, ஷூ மாட்டி விடு" என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறைப்பானேன்.

ஊர்வலம் அமைதியாகத்தான் போனது. பிள்ளைகள் தாங்களே வரைந்த அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். போலீஸ்காரர்கள் ஓரமாக நின்று வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்கள். நிம்மதியில்லாமல் நடந்தது எங்கள் பம்பரம் மட்டும்தான். முகத்தில் மாஸ்க், தலையில் துப்பட்டா, போதாததற்கு என் வீட்டுக்காரரின் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கோலத்தில் நாலு வரிசை முன்னே ஓடுவாள், பின்னே வருவாள், சின்னவளின் நெற்றியைத் தொடுவாள், தண்ணீர் கொடுப்பாள், மறுபடி மறைவாள்.

"அண்ணி, யாராவது என்னைப் பாக்குறாங்களா?"

"நீ இப்படி ஆடினா பாக்காதவனும் பாப்பான். பேசாம நட."

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். சூப்பர்வைசர் அங்கே நின்று, செல்போனில் ஒவ்வொரு வரிசையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள். என் அகலம் அன்றைக்குத்தான் ஒருத்திக்கு உபயோகப்பட்டது.

கூட்டம் அப்படியே தரையில் உட்கார்ந்தது. புழுதி எழும்பியது. என் மடியில் இருந்த சின்னவளின் தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கின. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற அந்தச் சத்தம் எனக்கும் பழக்கம்தான்.

"அத்தை" என்றாள். "அத்தை, மூச்சு வரல."

என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "இதோ இருக்கேன்டா" என்று சேர்த்து அணைத்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, என் தோளுக்கு மேலே கைகளை நீட்டினாள். "அத்தை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சு முட்டும்போதும் பிள்ளை சொன்ன சொல் தவறாமல் இருக்கிறாள். நாத்தனாருக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள், மாஸ்க்கை இழுத்துப் போட்டாள், பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அம்மான்னு கூப்பிடுடி. நான் அம்மாடி. கூப்பிடு."

சின்னவள் திரும்பி, போனும் கையுமாக நின்ற அந்த மனிதரைப் பார்த்தாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

நாத்தனார் ஓடினாள். நானும் பெரியவளும் பின்னாலேயே ஓடினோம். சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகத்தான் ஓடினாள், வேறு வழி ஏது? காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். வார்டில் நர்ஸ் பிள்ளையின் முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க்கை வைத்து அழுத்த, கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் அடங்கியது. நான் சுவரோரம் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

வார்டைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. நாத்தனார் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். சூப்பர்வைசர் இதுவரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதுதான் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பயப்படாதே, பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் சொல்லி வைக்கிறேன். அவளை உண்மையில் அரிப்பது வேறு.

நேற்று எல்லோரும் என் வீட்டில் இருந்தோம். சின்னவள் தண்ணீர் கேட்க வந்தாள். வந்தவள் நாத்தனார் பக்கத்தில் நின்று வாசல் கதவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வெளியாள் யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகு, அவளைக் குனியவைத்து, காதோரம் "அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.