ரிலீவர் கேட்காத பவளம்

ஓசூர் செல்போன் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து பவளம் ஒருநாளும் ரிலீவர் கேட்டதில்லை. லைனில் நிற்பவள் பாத்ரூம் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் என்கிற மாற்றாள் வந்து நின்ற பிறகுதான் நகரலாம். மாற்றாள் எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெண்கள் பலரும் ஷிப்டில் தண்ணீரைத் தொடுவதே இல்லை. பவளம் அதில் பேர் வாங்கியவள். "ஊத்தங்கரைக்காரி, ஒட்டகம் மாதிரி!" என்று லைன் லீடர் மெச்சும்போது அவளுக்குக் கழுத்தில் பதக்கம் போட்டது போலிருக்கும்.

இன்னொரு பெருமை ஓட்டம். கம்பெனிகளுக்கிடையே நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெண்களில் ஒருத்திதான் போக முடியும். போகிறவளுக்கு நைட் ஷிப்ட் கிடையாது. பகலில் ஹாஸ்டல் புழுக்கத்தில் தூக்கம் வராமல் புரண்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இரண்டு வருஷமாக அந்த இடம் பவளத்துடையது.

இந்தக் கோடையில் பிரவீனா வந்தாள். பாகலூர்ப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம், வீட்டில் தெலுங்கு. வந்த வாரமே தினமும் கை தூக்கி லைன் லீடரிடம் திட்டு வாங்கினாள்.

"திட்டட்டும்கா. அடக்கிக்கிட்டு நிக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

ஹாஸ்டல் அறையே சிரித்தது. பவளம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிரவீனாவின் அம்மா அனுப்பிய மோர்மிளகாயை எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். பவளம் மட்டும் தொடவில்லை.

பிரவீனா ஓட்டத்துக்கும் பேர் கொடுத்திருந்தாள். ஷிப்ட் விட்டதும் கெலவரப்பள்ளி அணைச் சாலையில் பயிற்சி. தார் கொதித்துக் கிடக்கும். பிரவீனா பேசிக்கொண்டே மெதுவாக ஓடுவாள். அடிக்கடி நின்று பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடிப்பாள், மீதியைத் தலையில் விட்டுக்கொள்வாள். பவளமோ மார்கழியில் ஓடிய வேகத்தைத் துளிகூடக் குறைக்காமல் அவளைத் தாண்டிப் போவாள். ஆனாலும் முடிக்கும்போது பிரவீனா முகத்தில் களை இருக்கும். பவளத்தின் கன்னத்தில் உப்புதான் பூத்திருக்கும். அணியைப் பார்த்துக்கொள்ளும் மாதவன் சாரின் கண் யார் பக்கம் போகிறது என்பதை பவளம் கவனிக்காமல் இல்லை. பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வு ஓட்டம் அதே சாலையில், அதே வெயிலில். காலை ஷிப்ட் முழுக்கப் பவளம் வாய் நனைக்கவில்லை. விசில் ஊதியதும் பாய்ந்தாள். பாதித் தூரம் வரை பின்னால் காலடிச் சத்தமே இல்லை. 'பேசிக்கிட்டே வா, மகராசி' என்று உள்ளுக்குள் சிரித்தாள். பிறகு, அந்த அனலில் அவளுக்கு உடம்பு சில்லிட்டுப் புல்லரித்தது. கெண்டைக்கால் முடிச்சுப்போட்டுக்கொண்டது.

பிரவீனா பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். "அக்கா, நீள்ளு... தண்ணி, தண்ணி குடிங்க!"

"போடி. உன் தண்ணி எனக்கெதுக்கு?"

"அய்யோ, குடிச்சிட்டுத் திட்டுங்கக்கா!"

பவளம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிரவீனா பாட்டிலை அவள் காலடியில் வைத்துவிட்டு ஓடினாள். அவள் வளைவில் மறைந்த பிறகுதான் பவளம் குனிந்து எடுத்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அந்தத் தண்ணீர் இனித்தது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நொண்டியபடி அவள் வந்து சேர்ந்தபோது முடிவு சொல்லியாகிவிட்டது. "பிரவீனா போறா," என்றார் மாதவன் சார். "நீ ஸ்டாண்ட்பை. அவளுக்கு முடியலன்னா நீ. இருக்கியா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

பிரவீனாவுக்குக் கால் சுளுக்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று பவளத்தின் மனசு உடனே கணக்குப் போட்டது.

"இருக்கறேன் சார்."

பிரவீனா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "நாளையிலருந்து ஒண்ணா ஓடலாம்கா!"

"உன்கூட இல்லடி, உன் பின்னாடி. நீ எங்க தடுக்கி விழறேன்னு பாக்க ஒரு ஆள் வேணாமா?"

பிரவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாதவன் சாரும் சிரித்தார். பவளம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.