மூன்று பெல்

கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது எனக்கு இன்றும் தகராறுதான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷமும் இதே பயணம் போனேன். சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்திலிருந்து நாகப்பட்டினம் வரை சைக்கிளில் போய், கடலைப் பார்த்துவிட்டு சைக்கிளிலேயே திரும்புவது. கூட யாரும் இல்லை. வழியெல்லாம் பேச வேண்டியதில்லை என்பதே எனக்கு அதில் பிடித்தது. திரும்பும்போது இருட்டில் ஓட்டி ஒரு மதகில் விழுந்தேன். இருட்டிவிட்டால் எனக்கு இடது கண் சரியாகத் தெரியாது. தக்காளி இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று என்னையும் சைக்கிளையும் ஏற்றிவந்து எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் இறக்கிவிட்டது. அன்று முதல் எனக்குப் பெயர் தக்காளி. எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “இன்னா தக்காளி, அடுத்த லோடு எப்ப?” நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எந்த வண்டியிலும் ஏறாமல் ஒருமுறை வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் என் மனைவி ஒரே நிபந்தனை வைத்தாள். பொழுது சாய்ந்தால் நின்றுவிட வேண்டும். இருட்டில் ஓட்டுவது தெரிந்தால் தன் தம்பியை வண்டியோடு அனுப்பி ஏற்றிவரச் சொல்லிவிடுவாள். எனக்கு ஃபோனில் பேச வராது என்பதால் மிஸ்டு கால் ஏற்பாடு. என் மாமனார் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு பெல் அடித்தவர். ஒரு பெல் என்றால் கேஜ் நிற்க வேண்டும். மூன்று என்றால் ஆள் ஏறியிருக்கிறது, ஓட்டலாம். அதே கணக்குத்தான் எங்களுக்கும். சாயங்காலம் ஒன்று, நின்றுவிட்டேன். விடிந்ததும் மூன்று, புறப்பட்டுவிட்டேன். பெல்லைச் சந்தேகப்பட அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கடலில் கால் நனைத்துத் திரும்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பேரணாம்பட்டை நெருங்கும்போது மழை பிடித்தது. ஃபோன் நனைந்து செத்தது. மறுநாள் மலை ஏறினால் வீடு. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. டீக்கடைக்கார அம்மாவிடம் வாயைத் திறப்பதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டேன்.

“ஒரே ஒரு மிஸ்டு கால் குடுக்கணும்மா.”

“வூட்டுக்காரம்மாவுக்கா? பேசு நைனா, காசு கேக்க மாட்டேன்.”

“பேச வேணாம்மா. ஒண்ணு போதும்.”

நம்பரை வாங்கி அவரே அழுத்தினார். மணி போனது. போதும் என்றேன், வைத்தார். ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. “எடுக்கலியே” என்று மறுபடி போட்டார். அதற்கும் பதில் இல்லை என்றதும் மூன்றாவது முறையும் போட்டார். “பொண்டாட்டி கோவமா கீது போல” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தம்மா ஃபோனைச் சார்ஜில் போடப் பின்பக்கம் போய்விட்டார்.

மூன்று ஆகிவிட்டது, இருட்டில் புறப்பட்டுவிட்டேன் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அடித்த பெல்லை அழிக்க வழியில்லை. ஃபோனை வாங்கிப் பேசியிருந்தால் முடிந்திருக்கும். பெஞ்சு முழுக்க என்னையே பார்த்தது. வெளியே வந்துவிட்டேன்.

பெட்ரோல் பங்க் ஓரம் படுத்தும் கண் மூடவில்லை. மழை, மலை ரோடு, என் கண். அவள் எல்லாவற்றையும் சேர்த்து நினைத்துக்கொண்டிருப்பாள்.

வெளிச்சம் வந்ததும் ஏற ஆரம்பித்தேன். முழங்கால் வலித்தது. மேலிருந்து எந்த வண்டி இறங்கினாலும் மனைவியின் தம்பிதானோ என்று நின்று பார்த்தேன். பாதி மலையில் அவனுடைய குட்டியானை லோடு வண்டி வந்து குறுக்கே நின்றது. மச்சான் இறங்கினான். அவனும் தூங்கியிருக்கவில்லை.

“இன்னா மாமா, சாவறதுன்னே முடிவா? அக்கா திரும்பித் திரும்பிப் போட்டுச்சு, ஒருத்தரும் எடுக்கல. ஏத்துங்க சைக்கிள.”

“ராத்திரி ஓட்டல மச்சான்.”

“அத அக்காகிட்ட சொல்லுங்க” என்று நம்பரைப் போட்டு என் காதில் வைத்தான்.

“மூணு பெல் வந்துச்சே” என்றாள்.

“நான் ஒண்ணுதான் சொன்னேன். அந்தம்மாதான் கூட ரெண்டு அடிச்சிட்டாங்க.”

“எந்தம்மா?”

டீக்கடை, மழை, பெஞ்சில் சிரித்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோனில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. கடைசியில், “உனக்கு பயமா இருந்தா வண்டியில ஏறிடறேன்” என்றேன்.

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். மச்சான் பின்கதவைத் திறந்தான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். கைப்பிடியை விட மனசு வரவில்லை.

அவன் ஃபோன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. அவன் எடுக்கப் போனான், கையைப் பிடித்தேன். இன்னொரு முறை அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

மச்சான் கதவைச் சாத்தினான். “நீங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டீங்களா?” என்றான்.

வி.கோட்டா, பேத்தமங்களா தாண்டி ஊர்வரை என் பின்னாலேயே ஹாரன் அடிக்காமல் வந்தான். லைன் வந்ததும் பென்ஷன்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா தக்காளி, வண்டியும் வருது?”

“காலி வண்டி தாத்தா. ஏறிப் பாருங்க” என்றான் மச்சான்.

பெயர் இன்னும் தக்காளிதான். லோடு பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. டீக்கடைக்கார அம்மாவோடு என் மனைவி இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாள்.

எழுதி முடித்தது மாட்டுப் பொங்கல் அன்று, சாயங்காலம்.