கெபாசிட்டர் வெடித்த நாள்

தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் நானே ஒரு எலக்ட்ரானிக் கடிகாரம் செய்தேன். பக்கத்து அறைத் தையல் மெஷின் ஓடத் தொடங்கும்போதெல்லாம் கரண்ட் ஒரு நொடி தாழும். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விடும். கரண்டைத் தேக்கி வைத்து அந்த நொடியைச் சமாளிக்க ஒரு கெபாசிட்டர் வைத்தேன், பிளஸ்ஸும் மைனஸும் மாறித் தலைகீழாக. படாரென்று வெடித்தது.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. “என்னவே, குண்டு வைக்கீரா?” என்று சிரித்தார் தையல்கார அண்ணாச்சி.

“நாலாப்பு படிச்ச மனுசனுக்கு இது எதுக்கு? தூரப் போடுங்க” என்றாள் மனைவி.

யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவன் நான். அன்று நிமிர்ந்தேன். “போட மாட்டேன். நாளைக்கு வேற வாங்கி மாட்டுவேன்.”

மறுநாள் புது கெபாசிட்டர் வாங்கி, அதில் கோடு போட்ட பக்கத்தைச் சரியாக மைனஸில் சேர்த்தேன். மெஷின் ஓடியது, கடிகாரமும் ஓடியது.

இப்போது அண்ணாச்சி வாசலில் நின்று, “மணி என்னவே?” என்கிறார். பதில் சொல்ல இன்னும் கூச்சம்தான். கடிகாரத்தை அவர் பக்கம் திருப்பி வைக்கிறேன். அடுத்து ரேடியோ செய்யப் போகிறேன், வெடித்தால் வெடிக்கட்டும்.