திரும்ப மறுத்த வரைபடம்

டோஹாவில் நான் வேலை செய்யும் கட்டடத்தளத்தில், வெயில் ஏறிய பிறகு பெரிய என்ஜினியர்கள் தலையில் சட்டையைப் போர்த்திக்கொண்டு குனிந்து நிற்பார்கள். ஆவி பிடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டேப்லட்டில் வரைபடம் பார்க்கிறார்களாம். வெயிலில் திரை தெரியாது, சூடு ஏறினால் அணைந்தும் போகும். உடனே அந்தச் சாதனத்தை ஏசி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மேசன்மார் வெயிலிலேயே நிற்பார்கள். ஒரு தாளை விரித்தால் தீரும் காரியம். கேட்டால் பட்டிக்காட்டானைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

இந்தக் கூத்து நம் மலைக்கு வராது என்று நம்பியிருந்தேன், ஊரிலிருந்து வாசிப்பவர்களே. போன விடுமுறையில் அந்த நம்பிக்கையும் போயிற்று. நமுனுகுல பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அக்காவுக்குத் தனி வீடு கட்ட அத்திவாரம் குறித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கொழுந்து பறிப்பவள். நாங்கள் வளர்ந்த அதே வரிசைவீட்டு லயத்தின் ஒற்றைக் காம்பராவில்தான் இன்று அவள் பிள்ளைகளும் வளர்கிறார்கள். வேலையை நடத்த வந்தவர் யாழ்ப்பாணத்து இளம் அதிகாரி. கையில் விலைகூடிய போன். இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்ப்பதையே தொழிலாகச் செய்துகொண்டிருந்தார்.

வரைபடத்தின் அடியில் ஒரு பாதை உண்டு. அது கீழ்ப்பாதை. இவரோ மேல்பாதையில் வண்டியை நிறுத்தி, அங்கே நின்றபடியே படத்தைப் பார்த்து, அதுதான் தான் நிற்கும் பாதை என்று முடிவு கட்டிவிட்டார். தாளாக இருந்தால் நிலத்துக்கு ஏற்றபடி திருப்பி வைக்கலாம். போனைத் திருப்பினால் படமும் கூடவே சுழன்று மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. கீழ்ப்பாதையோரம் வரவேண்டிய மலசலகூடக் குழிக்கு, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு நேர் மேலே முளை அடித்திருந்தார்கள். லயமே குடிப்பது அந்தப் பீலித் தண்ணீரைத்தான். கத்தாரில் நிலம் தட்டை, படத்தை எப்படிப் பிடித்தாலும் யார் வாயிலும் மலம் போய்ச் சேராது. இங்கே அப்படியா?

"சார், படத்தத் தலைகீழாப் பாக்குறீங்க. குழி கீழ வரணும்" என்றேன்.

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எழுத்தெல்லாம் நேராத்தானே கிடக்கு அண்ணை. பிறகென்ன தலைகீழ்?"

இந்த அறிவுக்கு ஒரு பட்டம், ஒரு வண்டி, ஒரு சாரதி. மறுநாள் பதுளைக்குப் போய், அவர் என் அக்காவின் போனுக்கு அனுப்பியிருந்த அதே படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து வந்தேன். கல்லின்மேல் விரித்து, மலைக்கு ஏற்பத் திருப்பிக் காட்டினேன். அவர் குனியவே இல்லை. தன் போனில் இருப்பதுதான் புதுசாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. படித்த முட்டாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அவர் முகம் இறுகியது. "அப்ப வேலையை நிப்பாட்டுவம். நான் மேலிடத்துக்கு எழுதுறன், அவை வந்து பாக்கட்டும்."

மேலிடம் வந்து பார்ப்பதற்குள் மழை வந்துவிடும். வீடும் அடுத்த வருடத்துக்குப் போய்விடும், அல்லது வேறொருவருக்குப் போய்விடும். கொழுந்துக் கூடையோடு அக்கா ஓடி வந்தாள்.

"தம்பி பேச்ச எடுத்துக்காதீங்க சார். அவன் வெளியாளு. ரெண்டு நாள்ல பிளேன் ஏறிப் போயிருவான். நாங்கதானே இங்க இருக்கப் போறவங்க. அந்தக் குழிய மட்டும் கீழ தள்ளிக் குடுங்க சார், புள்ளைங்க குடிக்கிற தண்ணி."

"சரியம்மா, நீங்கள் கேட்டபடியால் செய்யிறன்" என்றார், தானம் கொடுப்பவர்போல.

குழி கீழே போயிற்று. மற்றதெல்லாம் தலைகீழாகவே இருந்ததால், கட்டி முடிந்த வீட்டின் வாசல் இன்றும் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அக்கா செய்ததுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று ஆட்கள் குழியின் முளைகளைப் பிடுங்கிக் கீழே கொண்டுபோனார்கள். அளவு நூலின் ஒரு முனையைப் பிடிக்க நானும் குனிந்தேன்.

"அண்ணை, நூலுக்கு வெளியில நில்லுங்கோ. வேலை நடக்குது."

அக்காவைப் பார்த்தேன். போ என்று தலையை அசைத்தாள். டோஹாவில் கழுத்து அட்டையைக் காட்டினால் வாசல்காவலன் உள்ளே விடுவான். இங்கே காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்கா வீட்டு நூலைத் தாண்டி வெளியே வந்து நின்றேன்.